பள்ளி மேலாண்மைக் குழு: சட்டத்துக்கு நாலு நட்சத்திரம், நடப்புக்கு ரெண்டு

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. எஸ்.எம்.சி. என்றால் பெற்றோர் பலருக்கும் தெரியும். இதை ஊருக்கு அரசு தரும் ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, எது நன்றாக ஓடுகிறது, எங்கே பழுது, அதை யார் சரிசெய்ய முடியும் என்று பார்ப்போம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பள்ளியைக் கேள்வி கேட்பதற்காக உருவான குழு, பள்ளிக்கு ஒத்தாசை செய்யும் குழுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒத்தாசைக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் பல காலமாக இருக்கிறது. கேள்வி கேட்கத்தான் வேறு ஆள் இல்லை.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குழுவுக்கு மூன்று வேலைகளைக் கொடுக்கிறது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசோ உள்ளாட்சியோ வேறு யாரோ கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. 22ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. குழு தயாரிக்கும் அந்தத் திட்டம்தான் அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது. எந்த வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது என்பது மேலிருந்து கேட்டு வரக் கூடாது, கீழிருந்து சொல்லிப் போக வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

ஒரு விலக்கு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தது உதவிபெறும் பள்ளி ஒன்றில்தான். பழைய கட்டடங்கள் அதிகம் நிற்கும் இடத்தில் பெற்றோர் குழுவின் பல்லைப் பிடுங்கி வைத்திருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை.

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2022இல் அரசுப் பள்ளிகள் முழுவதும் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது உறுப்பினர்கள் 20 பேர்: பெற்றோர் 15, தலைமை ஆசிரியர், ஒரு ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் 2, கல்வியாளர் அல்லது தன்னார்வலர் 1. தலைவர் பொறுப்பு பெண் பெற்றோருக்கு. தலைமை ஆசிரியர் கூட்டுநர்தான், தலைவர் அல்ல. இது பல பள்ளிகளில் ஆசிரியர்களுக்கே மறந்துபோகும். 2024 மறுகட்டமைப்பில் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

இந்தக் கடைசி மாற்றம் பார்வைக்குச் சிறியது, பலன் பெரியது. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனதும் பெற்றோரின் உறுப்பினர் பதவியும் போய்விடும். இரண்டாண்டில் கற்றுக்கொண்டதெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போகும். பள்ளியில் பிள்ளை படிக்காத, ஆனால் பள்ளியின் முப்பது வருட வரலாறு தெரிந்த ஊர்க்காரருக்கு இதுவரை உள்ளே நுழைய ஒரே வழி அந்த ஒற்றை தன்னார்வலர் இடம்தான். அதே பள்ளியில் படித்தவராக இருந்தால் இப்போது இன்னொரு வாசல் திறந்திருக்கிறது.

உள்ளாட்சி இடம் மட்டும் இப்போது நொண்டுகிறது. 2019 டிசம்பரில் தேர்வான ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போன ஊர்களில், குழுவுக்கு வந்து உட்கார வார்டு உறுப்பினரே இல்லை. தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, கழிப்பறைத் துப்புரவு எல்லாம் ஊராட்சி வழியாகவே நடக்க வேண்டியவை. இந்த வேலைகள் தேங்கினால் தலைமை ஆசிரியரைத் திட்டுவதில் பயனில்லை. மனுவைத் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

கூட்டம்: ரெண்டு நட்சத்திரம், அதுவும் தாராளம்

மாதம் ஒரு கூட்டம், நடவடிக்கைகள் எழுதப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது ஒன்றிய அரசின் மாதிரி விதி. 2022-23இல் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று நாள் குறித்தார்கள். அங்கேயே முதல் பழுது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் அரைநாள் கூலி போச்சு. ஈடாக எதுவும் கிடையாது. எனவே வருவது வீட்டிலிருக்கும் ஐந்தாறு பேர். மீதிக் கையெழுத்துகள் பதிவேட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வாங்கப்படும். இதைத் தவிர்க்கும் வழி எளிது. அடுத்த கூட்டத்தின் நேரத்தை இந்தக் கூட்டத்திலேயே உறுப்பினர்கள் முடிவு செய்து எழுத வேண்டும். பள்ளி விட்ட பிறகு ஐந்தரை மணிக்குக் கூடக் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

இரண்டாவது பழுது இன்னும் ஆழம். பேச வேண்டிய பொருள்கள் மேலிருந்து சுற்றறிக்கையாக வருகின்றன. உறுதிமொழி, விழிப்புணர்வு, புதுத் திட்ட அறிவிப்பு என்று ஒன்றரை மணி நேரமும் அதிலேயே தீரும். ஊர்ப் பிரச்சினை ‘இதர’ என்ற கடைசி வரிக்குத் தள்ளப்படும்; அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். வழி: கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் தலைவர் கையெழுத்திட்டு இரண்டே இரண்டு பொருளை எழுதிக் கூட்டுநரிடம் கொடுப்பது, அவற்றை முதலில் எடுக்கச் சொல்வது. இரண்டுக்கு மேல் போனால் எதுவும் உருப்படாது.

மூன்றாவது, தீர்மானம் எழுதும் விதம். ‘கழிப்பறையைச் சரிசெய்யத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அது ஆசை. எந்த அலுவலகமும் அதன் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாணவியர் கழிப்பறை 3இல் 2இன் கதவுத் தாழ்ப்பாள் இல்லை, 1இல் தண்ணீர் வரவில்லை. தாழ்ப்பாள் 2 வாங்கிப் பொருத்தும் செலவைப் பள்ளி மானியத்திலிருந்து செய்யவும், குழாய் இணைப்புக்கு ஊராட்சிக்குக் கடிதம் எழுதவும் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: தலைமை ஆசிரியர், துணைத் தலைவர். அடுத்த கூட்டத்தில் அறிக்கை.’ எத்தனை, எந்தப் பணம், யார், எப்போது என்ற நாலும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் இந்த நாலையும் வாசித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெற்றோருக்கான டி.என்.எஸ்.இ.டி. செயலியில் தீர்மானங்கள் ஏற்றப்படுகின்றன. ஏற்றியதும் தலைவர் தன் கைபேசியில் திறந்து, தாளில் எழுதியதும் செயலியில் ஏறியதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவசியம். செயலியில் சுருக்கி ஏற்றும்போது முதலில் காணாமல் போவது தேதியும் பொறுப்பாளர் பெயரும்தான்.

கடிதம் போகும் முகவரியும் முக்கியம். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடப் பராமரிப்பு ஒன்றியத்தைச் சேர்ந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்களைப் பொதுப்பணித் துறை பார்க்கிறது. இதை மாற்றிக் கொடுத்த மனுக்கள் மேசைக்கு மேசை சுற்றியே ஒரு மழைக்காலத்தைக் கடந்துவிடும்.

பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓராண்டுக்கு 30 பேர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். விளையாட்டுப் பொருள்களுக்குத் தனியாகத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை உண்டு.

படிக்கட்டுகளைக் கவனியுங்கள். 98 பேர் படிக்கும் பள்ளிக்கு 25,000. 101 பேருக்கு 50,000. மூன்று பிள்ளைகளைச் சேர்த்தால் மானியம் இரட்டிப்பாகிறது. குழு சேர்க்கைப் பிரசாரத்துக்குப் போவதற்கு இதைவிடக் கறாரான காரணம் தேவையில்லை. பள்ளியின் கணக்கில் எத்தனை பேர் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதை, நாட்டின் பள்ளி விவரங்களைத் திரட்டிவைக்கும் யூடைஸ் பிளஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளிக்கான 11 இலக்க எண் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33இல் தொடங்கும். கழிப்பறை எத்தனை, இயங்குபவை எத்தனை, நூலகம் உண்டா என்பதெல்லாம் அங்கே இருக்கும். அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி வந்தால் அரைமணி நேரத்தில் குழுவுக்கு ஒரு வருட வேலை கிடைத்துவிடும்.

கணக்கு பார்ப்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தோற்கின்றன. பணம் இப்போது பள்ளி வங்கிக் கணக்கில் வந்து உட்காருவதில்லை. 2021 முதல் மாநில அளவில் ஒரே மையக் கணக்கு. பள்ளிக்குக் கிடைப்பது செலவு வரம்பு மட்டும். பள்ளிக் கணக்கின் இருப்பு எப்போதும் பூஜ்யமே காட்டும். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து ‘பணம் வரவில்லை’ என்று சொல்லவும் முடியாது, ‘எல்லாம் செலவாகிவிட்டது’ என்று சொல்லவும் முடியாது. கேட்க வேண்டியது வேறு: இந்த நிதியாண்டில் எந்தத் தேதியில் எந்தத் தலைப்பில் எவ்வளவு வரம்பு வந்தது, அதில் எவ்வளவு யாருக்குப் போனது. செலவு வரம்பின் அச்சுப்படி, ரசீது, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்து ஒரு பொருளை மட்டும் தொடர்ந்து போங்கள். மின்விசிறி 2 என்று ரசீது சொன்னால் இருப்புப் பதிவேட்டில் 2 ஏறியிருக்க வேண்டும், வகுப்பறையில் 2 சுற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிபார்க்கப் போனால் சண்டையில்தான் முடியும். கூட்டத்துக்கு ஒரு பொருள் போதும்.

வரம்பு தாமதமாக வருவது பெரும்பாலும் பள்ளியின் குற்றமல்ல. மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் வரம்பு போய்விடும் என்பதால் கடைசி வாரத்தில் கிடைத்ததை வாங்கும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. 2024-25இல் நிலைமை இன்னும் மோசம். பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவிலான வழக்கைக் கிராமத்துத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பயனில்லை. அவரிடம் கேட்க வேண்டியது, ஜனவரியிலேயே குழு ஒப்புக்கொண்ட கொள்முதல் பட்டியல் தயாராக இருக்கிறதா என்பது. பட்டியல் இருந்தால் மார்ச் கடைசியில் வரம்பு வந்தாலும் தேவையானதே வாங்கப்படும்.

ஆசிரியர் எண்ணிக்கையும் கற்றலும்

தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்பது சட்டத்தின் அட்டவணை. ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி என்று வகைக்கு ஒருவராவது இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 நிலவரப்படியான எண்ணிக்கையே கணக்கு. 74 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இருக்கும் பள்ளியின் குழு, ஜூலைக் கூட்டத்திலேயே எண்ணிக்கையோடு தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினால் அதற்கு எடை உண்டு. அக்டோபரில் போட்டால் அடுத்த வருடம்தான்.

கற்றலைப் பற்றிக் கேட்கத் தயங்கும் பெற்றோரே அதிகம். ‘எங்களுக்கு என்ன தெரியும்’ என்பார்கள். தெரிய வேண்டியது கொஞ்சம்தான். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அவரவர் கற்றலுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பிலேயே இருப்பவர் எத்தனை பேர், சென்ற பருவத்தில் எத்தனை பேர், இவ்வளவுதான் கேள்வி. பெயர் கேட்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூட்டத்தில் பேசினால் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாய் வர மாட்டார். எண்ணிக்கை குறையவில்லை என்றால் காரணத்தைக் கேளுங்கள். பிள்ளை தொடர்ந்து வருவதில்லை என்றால் அது குழுவே வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டிய விஷயம். ஆசிரியர் வேறு பணிக்குப் போனார் என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிற 27ஆம் பிரிவை நினைவூட்டுங்கள்.

போகும் திசை பற்றி

கவலை இங்கேதான். 2022 ஜூலையில், காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பு குழுக்களிடம் தரப்பட்டது. அப்போது அறிவித்த மாத ஊதியம் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். அதிகாரம் கொடுத்தது போலத் தெரியும். உண்மையில் அரசு செய்ய வேண்டிய நியமனத்தின் சுமையும் பழியும் ஊர்த் தாய்மார்கள் தலையில் இறங்கின. ‘என் மகளை ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்பவர் அடுத்த தெருவில்தான் இருப்பார். அடுத்து, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம். நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் பள்ளிக்குப் பொருளும் பணமும் தர ஒழுங்கான வழி அது, அதில் தவறில்லை. ஆனால் கூட்டங்களில் ‘யாரிடம் கேட்கலாம்’ என்ற பேச்சு வளர வளர, ‘அரசு தர வேண்டியது ஏன் வரவில்லை’ என்ற பேச்சு சுருங்குகிறது. நன்கொடையாளர் ஸ்மார்ட் டி.வி. தருவார், வண்ணம் அடித்துத் தருவார். கழிப்பறைத் தொட்டி அடைத்தால் மாதாமாதம் கூலி கொடுக்க எந்த நன்கொடையாளரும் வருவதில்லை. எனவே ஒரு பொருளை வாங்கிக்கொள்ளும் முன் குழு எழுதிவைக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: மூன்றாண்டுப் பராமரிப்பு யார் செலவு? பதில் இல்லை என்றால் மறுப்பதே மேல்.

காலை உணவுத் திட்டம் இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம். 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய இதில், குழு உறுப்பினர் காலையில் போய்ச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் வந்த பள்ளிகளில் உப்பு, வேக்காடு, அளவு பற்றிய புகார் அன்றன்றே தீர்கிறது. சமையல் செய்பவரும் பார்ப்பவரும் ஒரே தெரு. கண்காணிப்பு என்றால் என்ன என்பது இந்த ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் புரிந்திருக்கிறது.

மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒரு நட்சத்திரம்தான் தர முடியும். மூன்றாண்டுக்கு ஒரு திட்டம், ஆண்டுக்கு ஓர் உட்பிரிவு, நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தயார் என்கின்றன மாதிரி விதிகள். வகுப்புவாரியாக எதிர்பார்க்கும் மாணவர், கூடுதல் ஆசிரியர், கட்டட வசதி, ஆண்டுவாரியாகச் செலவு என்ற நான்கும் இருக்க வேண்டும். நடப்பில் பள்ளி ஊழியர் ஒருவர் சென்ற ஆண்டுத் திட்டத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் செயலியை நிரப்பிவிடுகிறார், தலைவர் கையெழுத்திடுகிறார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். தொடர்ந்து இரண்டாண்டுத் திட்டங்களில் ‘சுற்றுச்சுவர் தேவை’ என்று மட்டும் இருந்து நீளம் எத்தனை மீட்டர் என்று இல்லாவிட்டால், அந்தத் திட்டத்தை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை.

பதவிக்காலம் முடியும் குழு அடுத்த குழுவுக்குக் கையெழுத்தோடு ஒப்படைக்க வேண்டியவை: தீர்மானப் பதிவேடு, அனுப்பிய மனுக்களின் நகலும் ஒப்புகைச் சீட்டும், கடைசிப் பயன்பாட்டுச் சான்று, நடப்பு மேம்பாட்டுத் திட்டம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் போனால் மனுவே கொடுக்காதது போல்தான். புதுக் குழு முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

குழுவுக்குள் தீராவிட்டால் வழிகள் இருக்கின்றன. 14417 கல்வி உதவி எண்ணில் பேசலாம். பிள்ளையின் உரிமை சார்ந்தது என்றால் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. கணக்கு காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள், வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளில் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். கேள்வியை ‘ஏன்’ என்று தொடங்காதீர்கள், ‘அது தகவல் அல்ல’ என்று திரும்பி வரும். ‘2024-25இல் பள்ளி மானியத் தலைப்பில் வந்த வரம்பு, தேதி, செலவுச் சீட்டுகளின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். இத்தனையும் செய்வதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை நேரில் கேட்டுவிடுவது நல்லது. பாதிப் பள்ளிகளில் பதிவேடு பூட்டிக் கிடப்பது ஒளிப்பதற்காக இல்லை, யாரும் கேட்காததால்தான்.